உன் அம்மா வாங்கிய பூந்தொட்டி

அன்பு மகள் ஓல்ஃபாவுக்கு,

அப்பா எழுதுவது. இறைவன் கருணையில் நான் இங்கே சுகம், உன் அம்மா என்னைவிட அதிக சுகம், அந்த அதிக சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் மொன்றியாலில் குளிர் ஏறாமல், சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போதெல்லாம் ஃபோன் உன் அம்மா கையில்தான் இருக்கும், எனக்குக் கிடைப்பது கடைசி ஒரு நிமிடம், அதிலும் அவள் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மே மாதத்தில் ஒருநாள், "ஒண்ணும் விசேஷம் இல்லம்மா, நகராட்சி ஏலத்துல ஒரு பூந்தொட்டி வாங்கினேன், பெருசு," என்று உன்னிடம் சொன்னாள். நீயும் பாவம், "நல்லதும்மா, என்ன செடி வைக்கப்போறே?" என்று கேட்டாய். எதிரில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறியது. அதில் அவள் நட நினைத்தது செடி இல்லை ஓல்ஃபா. பாய்மரம்.

கடைத்தெரு ரவுண்டானா நடுவில் ஒரு பழைய ஃபெலூக்கா பாய்மரப் படகை நிறுத்தி வைத்திருந்தார்களே, உனக்கு நினைவிருக்கும். கடலின் பெருமையைக் காட்ட வேண்டும் என்று, கடலில் ஓடிக்கொண்டிருந்த படகைத் தூக்கிவந்து, வண்டிகள் சுற்றிவரும் இடத்தில் வைத்து, உள்ளே மண் கொட்டி, தண்ணீர் வடிய அடியில் ஏழு ஓட்டை போட்டு, ஜெரேனியம் பூச்செடி நட்டார்கள். படகு மிதக்க வேண்டும் என்பதற்காக ஓட்டையை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், படகுக்கு மரியாதை செய்ய ஓட்டை போட்டவர்கள் உலகத்திலேயே நம் ஆட்கள்தான். பதினோரு வருடம் அது அங்கேயே நின்றது. இந்த வருடம் அதற்குப் பதிலாக சிமெண்டில் ஒரு டால்ஃபின் வைக்கத் தீர்மானம் போட்டார்கள். டால்ஃபினும் வந்துவிட்டது, ஊதா நிறம், வால் மேலே நிற்கிறது, ஊரில் இப்போது அந்த இடத்துக்குக் கத்தரிக்காய் ரவுண்டானா என்று பெயர். பழைய படகைக் கழிக்க ஏலம் விட்டபோது, படகு என்று எழுதினால் கடல் இலாகாவில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு எட்டு மாதம் ஆகும் என்று, "மரப் பூந்தொட்டி, பெரியது, ஒன்று" என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்கிறாய்? நகராட்சிக் கவுன்சிலர், உன் தாய்மாமன், என் மச்சான் அர்பிதான். முற்றத்தில் வைக்கத் தங்கச்சி பூந்தொட்டி வாங்குகிறாள் என்று அவருக்குச் சந்தோஷம் வேறு.

அம்மாவுக்கு ஏன் படகு என்று கேட்பாய். உன் தாத்தா வைத்துவிட்டுப் போன ஷர்ஃபியா, மீனை மடக்கக் கடலுக்குள் ஈச்ச ஓலை நட்ட அந்த வேலி, அதில் மூன்றில் இரண்டு பங்கு மாமாவுக்கு, ஒரு பங்கு அம்மாவுக்கு. மாமா பார்த்துக்கொள்கிறார், அம்மா பங்குக்கு மாதம் ஒரு கூடை ஆக்டோபஸ் அனுப்புகிறார், ஊரே பார்க்கும்படி தெரு நடுவில் கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆள் வரும். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, மழையோ வெயிலோ, மீன் பட்டதோ படவில்லையோ, மாதாமாதம் சரியாக ஒரே எடையில் கூடை வருவது பிடிக்கவில்லை. "கடல் என்ன சம்பளமா குடுக்குது?" என்றாள். நோன்புப் பெருநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் அண்ணனிடம், ஒருநாள் என்னையும் கூட்டிப்போய் வேலியைக் காட்டு என்று கேட்டுவிட்டாள். மாமா தாடையைத் தடவிக்கொண்டு, "என் படகு அக்கரையில, ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துல ரிப்பேர்ல நிக்குது தங்கச்சி, ஆள் போட்டுத்தான் பாத்துக்கிறேன். உனக்கு அவ்வளவு ஆசைன்னா சொந்தப் படகுல வா, உன் மூணுல ஒரு பங்கை நீயே எண்ணி எடுத்துக்க, யார் வேண்டாங்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அது தப்பு. பத்து நாளில் லாரி வந்து நம் முற்றத்தில் படகை இறக்கியது.

படகுத் தச்சன் ஜீலானியை உனக்குத் தெரியும், கையில் சிகரெட்டும் காதில் பென்சிலுமாக இருப்பவன், இரண்டையும் மாற்றிப் பற்றவைத்ததும் உண்டு. அவன் வந்து மூன்று சுற்றுச் சுற்றி, உளியால் இங்கே தட்டி அங்கே தட்டி, பெயிண்டைச் சுரண்டினான். நகராட்சி ஒவ்வொரு பெரிய மனிதர் வருகைக்கும் ஒரு பூச்சு பூசியிருக்கிறது. "இது இப்ப இருக்கிற கவர்னர் வந்தப்ப அடிச்சது டீச்சர், இது அதுக்கு முந்தினவர், இது சுற்றுலா மந்திரி வரேன்னுட்டு வராமப்போனாரே, அப்ப அடிச்சது, பாருங்க, ஒரு பக்கம் மட்டும் இருக்கு," என்று சரித்திரப் பாடம் நடத்தினான். அத்தனை பூச்சுக்கும் அடியில் அடிமரம் கல் மாதிரி இருந்தது. பக்கப் பலகையில் ஆறு போய்விட்டது, ஜெரேனியம் வேர் இடுக்கில் நுழைந்து பலகையைப் பிரித்திருந்தது, விலா மரங்களில் நாலு மக்கிவிட்டது. விலாவுக்கு இயற்கையிலேயே வளைந்த ஒலிவக் கிளைதான் வேண்டுமாம். எங்கே கிடைக்கும் என்று ஜீலானி கேட்டதும் உன் அம்மா திரும்பி முற்றத்து ஓரத்தில் நிற்கும் என் ஒலிவ மரத்தைப் பார்த்தாள். நான் ஓய்வு பெற்ற நாள் முதல் எந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறேனோ அந்த மரத்தை. "உங்க மரம் நேரா வளரலைன்னு நீங்களே குறைப்பட்டீங்களே," என்றாள். இப்போது நான் வெயிலில் உட்கார்ந்து படிக்கிறேன்.

கோடை முழுக்க இந்த வேலைதான். பலகை மாற்றி, அடியில் இருந்த ஏழு ஓட்டையையும் அடைத்து, இடுக்குகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து, நீர் புகாமல் கலப்பற்றுப் பார்க்கும் சத்தம் காலை ஆறு மணிக்குத் தொடங்கிவிடும். ஜீலானி திரி அடிப்பான், அம்மா பின்னாலேயே விரலால் தடவி, "இங்க ஒரு அங்குலம் விட்டுட்டே, மறுபடி அடி," என்பாள். அவனும் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், காதைப் பிடித்துக்கொள்ளாத குறை. பாய் தைத்ததை என்ன சொல்வேன், துணி கூடத்தில் தொடங்கி படுக்கையறை வழியாகச் சமையலறைக்குள் போய்த் திரும்பி வந்தது, நடுவில் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது. ஒரு வாரம் நான் பாய்க்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்றேன். எங்கே கற்றாய் இதெல்லாம் என்று கேட்டால், பதினைந்து வயது வரை அப்பாவோடு கடலுக்குப் போனவள்தானே, வயசுக்கு வந்த பெண் வீட்டில் இரு என்று அண்ணன் சொன்னதால்தான் நின்றேன் என்றாள். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்கிறாள், அதுவும் உண்மை.

இதற்குள் ஊர் வேறு கதை கட்டிவிட்டது. இந்தத் தீவில் ஒருவர் புதிதாகப் படகு வாங்கினால் இத்தாலிக்குக் கள்ளத்தனமாகப் போகிறார் என்றுதான் அர்த்தம். அறுபத்தொரு வயது வாத்தியாரம்மா கணவனை விட்டுவிட்டு இத்தாலிக்கு ஓடப்போகிறாள் என்று காப்பிக்கடையில் பேச்சு, என்னைப் பார்த்தால் எல்லாரும் பரிதாபமாக நாற்காலி நகர்த்திப் போட்டார்கள். கடற்காவல்படையிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்து முற்றத்தில் நின்றான், வெளியூர்க்காரன். "எங்கம்மா போறதா உத்தேசம்?" என்றான். மீன்வேலிக்கு என்றாள். "எந்த நாட்டு மீன்வேலி?" என்றான். அம்மா அவனை உட்காரச் சொல்லி, கரும்பலகை இல்லாத குறைக்குக் கரித்துண்டால் சுவரில் தீவையும் கடலையும் வரைந்து, எங்கெங்கே எத்தனை ஆழம் என்று குறித்து, முழங்கால் தண்ணீரில் ஓடும் இந்தப் படகில் இத்தாலி போக எத்தனை நாளாகும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னாள். விடை தப்பாகச் சொன்னான், திருத்திக்கொண்டு போனான். அடுத்த வீட்டு மப்ரூகா மட்டும் நம்பவில்லை. உலர்ந்த ஆக்டோபஸ் ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் நீட்டி, "இத்தாலியில, பலெர்மோவுல என் பையன்கிட்டக் குடுத்திரு நாஜியா, எப்படியும் அந்தப் பக்கம்தானே போறே," என்று வைத்துவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுக்கப் போனால் கண்ணைச் சிமிட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

படகுக்கு எண் வாங்கத் துறைமுக அலுவலகம் போனோம். அங்கே மேசையில் இருந்தது சுமையா, அவளும் அம்மாவின் மாணவிதான், இன்னமும் அம்மாவைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். ஏலக் காகிதத்தைப் படித்துவிட்டு அழாத குறையாக, "டீச்சர், பூந்தொட்டிக்கு எப்படி டீச்சர் படகு நம்பர் குடுக்கிறது?" என்றாள். நகராட்சிக்குப் போனால், அது படகு என்று எழுதிக்கொடுத்தால் அனுமதியில்லாமல் படகை விற்ற குற்றம் எங்கள் தலையில் விழும், ஆகவே அது பூந்தொட்டிதான், எப்போதும் பூந்தொட்டியாகத்தான் இருந்தது என்றார்கள். மாமா தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாலு முறை அலைந்த பிறகு சுமையாவே கதவைச் சாத்திவிட்டு வழி சொன்னாள். பழைய மரச்சாமான் எதையாவது உடைத்து அந்த மரத்தில் புதுப்படகு கட்டினால் தடையில்லையாம், தச்சன் கையெழுத்துப் போட்டால் போதும். அலமாரியை உடைத்தும் கட்டலாம், கட்டிலை உடைத்தும் கட்டலாம், பூந்தொட்டியை உடைத்தும் கட்டலாம். ஜீலானி மூச்சைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான். ஐம்பது வயதுப் படகு, அரசாங்கப் பதிவேட்டில் இந்த வருடம் பிறந்த குழந்தை.

செப்டம்பர் கடைசியில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். கரையில் பாதி ஊர், மாமாவும் நகராட்சி ஆட்களோடு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். தள்ளினோம், மிதந்தது, கைதட்டினார்கள், கை ஓயுமுன் பலகை இடுக்கெல்லாம் நீர் கசிந்து படகு மெதுவாக உட்கார்ந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில்தான், ஆனாலும் மூழ்கியது மூழ்கியதுதான். "நல்ல தொட்டி தங்கச்சி, தண்ணியும் ஊத்தியாச்சு, இனி கீரை விதைச்சிரு," என்றார் மாமா, கரையே சிரித்தது. உன் அம்மா பாவாடை நனைய நின்றுகொண்டு, "பதினோரு வருஷம் காஞ்சு கிடந்த மரம், தாகமா இருக்காதா? குடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினாள். நிஜமாகவே தூங்கினாள் ஓல்ஃபா, நான்தான் தூங்கவில்லை. மூன்று நாள் அப்படியே ஊறியது. நாலாம் நாள் தண்ணீரை இறைத்தோம், பலகைகள் உப்பி ஒன்றோடொன்று இறுகி, ஒரு சொட்டு வரவில்லை. அன்று கரையில் யாரும் இல்லை, மூழ்குவதைப் பார்க்க வரும் கூட்டம் மிதப்பதைப் பார்க்க வருவதில்லை.

அக்டோபரில் காற்று திரும்பியதும் வேலிக்குப் போனோம். கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். இருபத்தாறு வருடம் ஃபெர்ரியில் டிக்கெட் கிழித்தவன், அதைவிடச் சின்ன எதிலும் கால் வைக்காதவன், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கிடந்தேன். அம்மா சுக்கானைப் பிடித்து, மினாரையும் மொட்டை ஈச்சமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, இங்கேதான் என்று பாயை இறக்கினாள். நிமிர்ந்து பார்த்தேன். அங்கே வேலி இல்லை. கருத்துப்போன ஓலை மட்டை ஏழெட்டு, பல் விழுந்த வாய் மாதிரி, அவ்வளவுதான். வழி தவறிவிட்டாயா என்றேன். அவள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஒரு மட்டையைப் பிடுங்கிக் கொண்டுவந்தாள், அடிவரை சிப்பி அப்பியிருந்தது. "ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் ஓலை நடல," என்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். படகு விளிம்பில் உட்கார்ந்து அந்த மட்டையில் அப்பியிருந்த சிப்பிகளை விரலால் எண்ணிவிட்டு, "அப்போ மாசாமாசம் கூடையில வந்தது யாரோட ஆக்டோபஸ்ங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்குக் கடல் மயக்கம்கூடத் தெளிந்துவிட்டது.

நேரே மாமா வீட்டுக்குப் போனோம், உப்புத் தண்ணீர் சொட்டச்சொட்ட. அம்மா அந்த மட்டையை அவர் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். மாமா அதைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், "படகு ரிப்பேர்லேருந்து வரட்டும்," என்று ஆரம்பித்தார். உன் ரஷீதா மாமி கரண்டியோடு வெளியே வந்து, "போதுங்க, எனக்கு இனிமே முடியாது. படகை வித்து ரெண்டு வருஷமாச்சு நாஜியா. மாசாமாசம் விடியறதுக்கு முன்னால ஸ்ஃபாக்ஸ் சந்தைக்கு ஆள் அனுப்பி வாங்கி, கூடையில அடுக்கி, மேல கடல்பாசி தூவி, உப்புத் தண்ணி தெளிச்சு, நான்தான் உனக்கு அனுப்புறேன்," என்று போட்டு உடைத்துவிட்டாள். மாமா தலை குனிந்தபடியே, "முதுகு போச்சு தங்கச்சி. ஓலை நடக் குனிஞ்சா நிமிர முடியல. அப்பா வேலியை நான் அழிய விட்டேன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது? இது வெளிய தெரிஞ்சா எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? உன்கிட்டப் படகு எங்க வரப்போகுதுன்னு நெனச்சேன், வாயைக் குடுத்துட்டேன்," என்றார். மீனவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், ஆனால் துறையில் படகுக்கு இடம் ஒதுக்கும் கமிட்டித் தலைவர் அவர், அதனால் கடலில் பார்த்ததை எல்லாரும் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஜீலானியை அப்புறம் கேட்டேன், "நீங்க கேக்கலையேண்ணே," என்றான். அம்மா அழுதாளா என்று கேட்காதே, முகமெல்லாம் ஏற்கெனவே உப்புத் தண்ணீர்தான், எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை ஓலை வேணும்?" என்றாள். ஆயிரத்து ஐந்நூறு என்றார். "நாளைக்கே வெட்டச் சொல்லு. நீ குனிய வேண்டாம், நின்னு அதிகாரம் பண்ணு, அது உனக்கு நல்லா வரும்," என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் பாடு என்ன பாடு என்கிறாய். மாமா படகின் முன்பக்கம் அணியத்தில் சிம்மாசனம் போல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம் என்பார், அம்மா வலது பக்கம் என்பாள், அப்பா இருந்தபோது இப்படித்தான் என்று இரண்டு பேரும் வேறுவேறு சத்தியம் செய்வார்கள், நடுவில் தண்ணீரில் நின்று ஓலை நடுவது நான். ஒரு நல்லது கண்டுபிடித்தேன், கடலுக்குள் இறங்கி நின்றால் மயக்கம் வருவதில்லை. ஊரில் மாமா என்ன சொல்லிக்கொள்கிறார் தெரியுமா? பெண்களைக் கடல் தொழிலில் முன்னேற்ற நகராட்சி எடுத்த முயற்சியாம், தன் தங்கச்சியிலிருந்தே தொடங்கியிருக்கிறாராம். அம்மா கேட்டுவிட்டு, சொல்லிக்கட்டும், முதுகில்லாதவனுக்குப் பேச்சாவது இருக்கட்டும் என்றாள். போன வெள்ளிக்கிழமை, வேலி முனையில் வைத்த மீன்பொறியை முதன்முதலாகத் தூக்கினோம். உள்ளே ஒரே ஒரு ஆக்டோபஸ். கரை தட்டியதும் சண்டை ஆரம்பித்தது. எட்டுக் காலில் மூன்றில் இரண்டு பங்கு எனக்கு, ஐந்து காலும் ஒரு காலில் மூன்றில் ஒன்றும் என்று மாமா சட்டம் பேசினார். கணக்கு வாத்தியாருக்கே கணக்கா என்று அம்மா கத்தியைத் தீட்டினாள், அப்படியானால் தலை யாருக்கு, கண் யாருக்கு என்று கேட்டாள். "தலையை நீயே வெச்சுக்கண்ணே, உனக்குத்தான் அது தேவைப்படுது," என்றாள். துறையில் வலை காயப்போட்டவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் ரஷீதா மாமி வந்து அதை முழுசாக இருவர் கையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போய்க் கோதுமைக் குஸ்குஸில் போட்டுச் சமைத்துவிட்டாள். இரண்டு வீட்டாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவுக்குக் குனிந்து எடுக்க முடியவில்லை, அம்மா திட்டிக்கொண்டே நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். எத்தனை தள்ளினாள் என்று நான் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை.

கண்ணே, நீ வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே. காதை மூடாமல் பனியில் இறங்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், அவர் அம்மாவுக்கு என் சலாம் மறக்காமல் சொல். இறைவன் உங்கள் இருவருக்கும் நல்ல காற்றைத் தரட்டும், திரும்பி வர ஆசைப்படும் நாளில் அந்தக் காற்றை இந்தப் பக்கம் திருப்பிவிடட்டும். ஒரே ஒரு காரியம், தள்ளிப்போடாதே. நீ வேலை பார்க்கும் மருந்துக்கடையில் முதுகுக்குக் கட்டும் பட்டை நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பு, இருப்பதிலேயே பெரிய அளவு. மாமாவுக்குத்தான். ஆனால் பார்சல் மேல் என் பெயரை எழுது, தபால்காரனுக்கும் ஓட்டு இருக்கிறது என்கிறார் மாமா.

எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா அப்தல்வாஹித்